தண்ணி வந்துருச்சு

ஆற்றுக்குத் தெற்கே, கால்வாய்த் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய் மிச்சமிருந்தால் மட்டும் எட்டிப்பார்க்கிற கடைமடையில், கொண்டல்படுகை என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஆடி பிறந்த வாரத்தில் ஒரு காலை, வெள்ளம் வந்து வடிந்தால் சுவரில் ஒரு கோடு விழுமே, சேறும் பாசியும் வைக்கோல் துணுக்கும் நத்தை முட்டையும் ஒட்டிக்கொண்டு, அந்தக் கோடு எல்லா வீட்டுச் சுவரிலும் விழுந்திருந்தது. வெள்ளம்தான் வரவில்லை. ஆற்றில் அன்றைக்குக் கெண்டைக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலத்தெருவில் கோடு கணுக்கால் உயரத்தில் ஓடியது. நடுத்தெருவில் இடுப்புக்கு வந்தது. கீழத்தெருவில் வாசல்நிலைக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும். மோந்தால் ஆற்று வாடை அடிக்கும். பிள்ளைகள்தான் சேற்றை அள்ளிப் பூசிவிட்டார்கள் என்று முதல் நாள் அடுத்த வீட்டுப் பிள்ளையை வைதார்கள். மறுநாள் துடைப்பம் போட்டுத் தேய்த்தார்கள். அதற்கும் மறுநாள் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு காய்ந்ததும் அதற்கு மேலே கோடு திரும்பவும் ஊறி வந்து, நத்தை முட்டை முதற்கொண்டு போட்டது போட்டபடி நின்றது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஆவணி வருவதற்குள் கோடு இல்லாத சுவரை யாருக்கும் நினைவில்லை. எறும்பு கோட்டுக்கு மேலே மட்டும் புற்று வைத்தது, பல்லி கோட்டுக்குக் கீழே இறங்குவதை நிறுத்திக்கொண்டது, சாமி படங்களையும் செத்துப்போனவர்கள் படங்களையும் கோட்டுக்கு மேலே மாட்டினார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் படங்கள் கீழேயே கிடந்தன. பிடாரி கோயிலில் கோடு அம்மன் கழுத்தைச் சுற்றி ஓடியது; பூசாரி அதைத் தாலிக்கயிறு என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்தார். கல்யாணத் தரகர் பெண்ணின் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால், "வீடு எதுல? கணுக்காலா, இடுப்பா?" என்று கேட்டார். நடுத்தெருப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டுப் போன மேலத்தெருக்காரர்கள், "பொண்ணு மூக்கும் முழியுமாத்தான் இருக்கு. ஆனா இடுப்பு வீடாப் போச்சே," என்று வருத்தப்பட்டுத் தட்டிக்கழித்தார்கள். கீழத்தெருக்காரர்களைக் கூப்பிட ஊரில் எத்தனையோ பேர் வைத்திருந்தார்கள், ஒன்றும் நல்ல பேர் இல்லை. அத்தனையோடு இப்போது 'முங்குறவங்க' என்று இன்னொன்றும் சேர்ந்தது.

அந்தக் கீழத்தெருவில்தான் தையல்நாயகி இருந்தாள். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, வால்வைத் திறந்துவிடுகிற வேலை அவளுடையது. தொட்டி ஊருக்கு மேற்கே மேட்டுத்திடலில் இருந்தது. கீழத்தெருவின் ஒரே குழாய் தெருவின் கிழக்குக் கோடியில், புங்கமரத்தடியில், வடிகாலை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. மேட்டில் குழாய் வைத்தால் தண்ணீர் ஏறாது என்பதால் பள்ளத்தில் வைத்திருந்தார்கள். தண்ணீர் எப்போது வரும் என்பது கரண்டைப் பொறுத்தது, மோட்டாரைப் பொறுத்தது, மேலத்தெருவில் விசேஷம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது, ஆகையால் வால்வைத் திறந்ததும் தையல்நாயகி மேட்டில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து, "தண்ணி வந்துருச்சேய்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வாய்க்காலைத் தாண்டி வயல் வரைக்கும் போகும். குரல் கேட்டதும் கீழத்தெருப் பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு பள்ளத்துக்கு ஓடுவார்கள். முந்தினவளுக்குத் தெளிந்த தண்ணீர், பிந்தினவளுக்குக் கலங்கல்.

எப்போதும் முந்தினவள் செண்பகம். தையல்நாயகியின் ஓரகத்தி அவள். கொழுந்தன் பாலகுருவின் பெண்டாட்டி. பாலகுரு திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட, கைப்பிள்ளை முகிலனை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். "இவளுக்கு மட்டும் எப்படிடி முன்னாடியே மூக்குல வேர்க்குது?" என்று மற்றவர்கள் கேட்கும்போதெல்லாம், "எங்க மூக்கு அப்படி," என்பாள். சங்கதி வேறு. தையல்நாயகி குரல் கொடுப்பதற்கு முன்னால், வால்வு திருப்புகிற இரும்புச் சாவியால் தொட்டியின் ஏணிக்குழாயில் டங், டங் என்று இரண்டு தட்டுத் தட்டுவாள். அதற்கு அர்த்தம் ஓரகத்திகள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

தையல்நாயகியின் புருஷன் கலியமூர்த்தி ஒரு காலத்தில் தென்னை ஏறுகிறவன். ஏறினவன் ஒருநாள் பாளையோடு விழுந்தான், விழுந்த அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு இல்லை. கட்டிலே உலகம். ஆனால் கை இரண்டும் மரம் ஏறின கை, முறுக்குக் குறையவில்லை. அதனால் கீழத்தெருவில் ஒரு வழக்கம் உண்டாயிருந்தது: தண்ணீர்க் குரல் கேட்டதும் பெண்கள் முதலில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து கலியமூர்த்தியின் கட்டிலில் போட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவார்கள். "மாமா, பாத்துக்குங்க!" அவ்வளவுதான். ஒன்று அவன் மார்பில் ஏறும், ஒன்று மீசையை இழுக்கும், ஒன்று நனைத்துவிடும். எழுந்து ஓட முடியாத ஒருவனை நம்பித்தான் அந்தத் தெரு ஓடியது.

கோடு விழுந்த நாளிலிருந்து தையல்நாயகி கட்டிலையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் எங்கே இருக்கிறது, கோடு எங்கே இருக்கிறது.

"நீ ஏன் புள்ள சுவத்தையே பாக்குற? அதுல என்ன சினிமாவா ஓடுது?"

"தண்ணி வந்தா நான் நீஞ்சுவேன். உங்கள எங்க தூக்கிட்டு ஓடுவேன்?"

"கட்டிலோட மிதப்பேன். மரக்கட்டில்தானே."

"மிதந்து கூரை மோட்டுல முட்டுவீங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஊரில் கோடு விழாத சுவர் ஒன்றே ஒன்று இருந்தது. மேட்டுத்திடலில், தொட்டிக்குப் பக்கத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த வெள்ளப் பாதுகாப்பு மையம். ஊரே ஏறி நிற்கலாம், அவ்வளவு பெரிய கூடம். உள்ளே ஊராட்சித் தலைவர் ராசாங்கத்தின் பந்தல் சாமான்கள் இருந்தன: நாற்காலிகள், அண்டாக்கள், சீரியல் பல்பு கட்டிய வளைவுகள். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கியது. புரட்டாசியில் கீழத்தெருப் பெண்கள் கூட்டமாகப் போய் அவர் வாசலில் நின்றார்கள்.

"சாவிய எங்க தெருவுல யாருகிட்டயாச்சும் குடுத்து வைங்கய்யா. தண்ணி வந்தா ஏறிக்குவோம்," என்றாள் தையல்நாயகி.

"கோடுதானே வந்துருக்கு, தண்ணியா வந்துருக்கு?" என்றார் ராசாங்கம். "வர்ற அன்னைக்கு நான் தொறந்துவிட மாட்டனா? நான் என்ன ஊர்ல இல்லாமலா போயிடுவேன்?"

"உங்க வீட்டுல கணுக்கால்ல வந்து நிக்கும் தலைவரே," என்றாள் செண்பகம். "வீட்டம்மாவுக்குக் கொலுசு நனையுதேன்னு நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள நாங்க கடலைப் பாத்துப் போயிட்டிருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். ராசாங்கமும் சிரித்தார், இடுப்பு குலுங்கச் சிரித்ததில் சாவி வேட்டிக்குள்ளே கிணுகிணு என்றது. சாவியைக் கொடுக்கவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் போலிருக்கிறது, கொஞ்ச நாளில் பேரிடர் பயிற்சி வந்தது. வெளியூரிலிருந்து இளவயது அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஊரை உட்காரவைத்து, வீட்டுக்கு ஒரு மஞ்சள் வாளி கொடுத்தார். மூடி போட்ட, கெட்டியான, பெரிய வாளி. உள்ளே டார்ச் லைட்டு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, பிஸ்கட்டு, ரேஷன் கார்டு போட்டுவைக்க ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, நைலான் கயிறு. ஆபத்து வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். சுவரைப் பற்றிக் கேட்டதற்கு, அதைப் பற்றித் தமக்கு உத்தரவு ஒன்றும் வரவில்லை என்றார். கையால் சுற்றுகிற சைரன் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அதைத் தலைவரிடம் ஒப்படைத்தார், தலைவர் பத்திரமாக மையத்தின் உள்ளே வைத்துப் பூட்டினார்.

"சைரன் ஊதாட்டி என்ன சார் பண்றது?" என்று செண்பகம் எழுந்து நின்றாள்.

"யார் முதல்ல பாக்குறாங்களோ அவங்க சத்தம் போடணும்மா."

"என்னன்னு சத்தம் போடுறது?"

"தண்ணி வந்துருச்சுன்னு போடுங்க."

செண்பகம் தையல்நாயகியின் முதுகில் ஒரு அறை வைத்து, "அதத்தானே சார் எங்க யக்கா வாராவாரம் போடுது!" என்றாள். வேப்பமரத்தடியே சிரித்தது. அதிகாரிக்குப் புரியாவிட்டாலும் அவரும் சிரித்தார். தையல்நாயகி வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மஞ்சள் வாளி குடத்தைவிடக் கூடுதலாகப் பிடித்தது. மூடி இருந்ததால் தளும்பாது. அடுத்த தண்ணீருக்கே டார்ச்சும் பிஸ்கட்டும் பரணுக்குப் போய்விட, தெரு முழுக்க மஞ்சள் வாளிகள் புங்கமரத்தடியில் வரிசை கட்டின. பயிற்சிக்காரர் இன்னொரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார் என்று யாரோ சொன்னதால், தண்ணீர் பிடித்து முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாளிக்குள்ளே போட்டு மூடி வைத்தார்கள். அடுத்த குரலுக்குக் கொட்டிவிட்டு ஓடினார்கள்.

தையல்நாயகி வாளியை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். "ஒத்தக் கயிறு தாங்காது புள்ள. தெருக் கயிறெல்லாம் கேளு," என்றான் கலியமூர்த்தி. அவள் வீடு வீடாகப் போனாள். "கட்டில மோட்டுல கட்டித் தொங்கவிடப் போறேன்," என்றதும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளை வைத்துக்கொள்கிற கட்டில்தானே, வைத்துக்கொள் என்றார்கள். கலியமூர்த்தி படுத்தபடியே அத்தனை கயிற்றையும் சடையாகப் பின்னினான். மரமேறிகளுக்கு மட்டும் தெரிந்த முடிச்சுகளைச் சொல்லச் சொல்ல, தையல்நாயகியும் செண்பகமும் ஏணி போட்டு ஏறி உத்திரத்தில் முடிந்தார்கள். செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமான அந்த வீட்டில், கோட்டுக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில், ஊஞ்சல்போலக் கட்டில் தொங்கியது. கலியமூர்த்தி கயிற்றைப் பிடித்துத் தன்னையே இழுத்துக்கொண்டு ஏறிப் படுத்தான். ஓட்டு இடுக்கு வழியாக ஆகாயம் தெரிந்தது.

"எப்படி மாமா இருக்கு?" என்று கீழே இருந்து செண்பகம் கேட்டாள்.

"திரும்ப மரத்துல ஏறுனாப்புல இருக்கு."

"இந்தத் தடவை விழுந்துடாதீங்க. எங்க யக்காவால தூக்க முடியாது."

அவன் ஒரு கூடையைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டான். அன்றைக்குத் தொடங்கி, தண்ணீர்க் குரல் கேட்டதும் பெண்கள் பிள்ளைகளைக் கூடைக்குள் போடுவார்கள், அவன் கிணற்று வாளிபோல ஒவ்வொன்றாக இழுத்து மேலே ஏற்றிக்கொள்வான். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா இல்லை. பேசவே பழகாத முகிலன்கூடக் குரல் கேட்டதும் கூடைக்கு நேர் கீழே வந்து கையை உயர்த்திக்கொண்டு நிற்பான்.

ஐப்பசியில் புயல் வந்தது. இரண்டு நாள் காற்று, அப்புறம் மழை. கீழத்தெரு கோட்டைப் பார்த்தபடி சுவரோரம் கண் விழித்துக் கிடந்தது. தண்ணீர் தெருவில் கணுக்காலுக்கு வந்தது, வடிந்தது. காற்று நின்றது, வெயில் அடித்தது. துணி காயப்போட்டார்கள். "இதுக்குத்தான் இத்தன மாசமா பூச்சாண்டி காட்டுச்சாக்கும்," என்று செண்பகம் சுவரில் ஒரு குத்து விட்டாள். கோடு மட்டும் முன்னைவிடக் கறுத்து, சொட்டுச் சொட்டாக வியர்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஏனென்றால் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போய்விட்டது, தொட்டி காய்ந்து கிடந்தது, கூரையில் பிடித்த மழைத் தண்ணீர் தீர்ந்தும் நாற்றமெடுத்தும் போயிருந்தது. பிள்ளைகளுக்குப் பேதி.

அந்த நிலையில்தான் மேலத்தெருவில் யாரோ ஜெனரேட்டர் கொண்டுவந்து மோட்டாருக்குக் கொடுத்தார்கள். தையல்நாயகி விடிந்ததும் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனாள்: "இன்னைக்குத் தண்ணி ஏத்துறோம். வந்ததும் கத்துறேன்."

"எனக்கு மொதல்ல," என்றாள் செண்பகம் தாழ்ந்த குரலில். "புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்குது யக்கா."

"உனக்குத்தான்டி மொதல்ல."

கீழத்தெரு ஆண்கள் விடியும் முன்பே, பெரிய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த மேற்கே போயிருந்தார்கள். தலைவர் ராசாங்கமும் ஊரில் இல்லை. டவுனில் சம்பந்தி வீட்டுச் சீமந்தம். சாவியும் சீமந்தத்துக்குப் போயிருந்தது.

தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கத் தையல்நாயகி இரும்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே ஜெனரேட்டர் கடகடத்துக்கொண்டிருந்தது. ஆகாயம் கழுவிவிட்டதுபோல இருந்தது. உச்சியில் நின்று வடக்கே திரும்பினவள், ஆறு கரைக்கு மேலே நிற்பதைப் பார்த்தாள். மேலே எங்கேயோ அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பெய்த மழை இங்கே நின்ற பிறகு, எங்கோ பெய்த மழை நடந்து வந்திருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வடிகாலுக்கு நேரே, கரை ஒரு வெல்லக்கட்டிபோலச் சத்தமில்லாமல் கரைந்தது.

அவள் கை அவளைக் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை உருவி ஏணிக்குழாயில் டங், டங் என்று தட்டியது. அவள் வாயும் அவளைக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த உயரத்திலிருந்து அது அறிந்த ஒரே குரலைக் கொடுத்தது.

"தண்ணி வந்துருச்சேய்! தண்ணி வந்துருச்சேய்!"

கீழத்தெருக் கதவுகள் திறந்தன. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்குள் ஓடுவதும், பிள்ளையில்லாமல் வாளியோடு வெளியே வருவதும், பிறகு மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் தெருவில் சிதறுவதும் மேலேயிருந்து தெரிந்தது. முதலில் மேட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு அந்தப் புள்ளிகள் கிழக்கே, பள்ளத்தைப் பார்த்து, புங்கமரத்தைப் பார்த்து ஓடுவதைக் கண்டாள். முதலாவதாக ஓடிய புள்ளி செண்பகம்.

"ஏய், இங்கிட்டு வாங்கடி! மேல வாங்கடி! தண்ணிடி! தண்ணி!"

ஜெனரேட்டர் மற்றதையெல்லாம் தின்றுவிட்டுத் தண்ணி என்பதை மட்டும் கீழே அனுப்பியது. அவள் கத்தக் கத்த அவர்கள் வேகமாக ஓடினார்கள். செண்பகம் ஓட்டத்திலேயே திரும்பி, காதில் விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக, காலி வாளியை உயரத் தூக்கி ஆட்டினாள். வெயிலில் அது பளீரென்று தெரிந்தது.

தையல்நாயகி ஏணியில் இறங்கினாளா விழுந்தாளா என்பது அவளுக்கே தெரியாது. மேட்டிலிருந்து ஓடி நடுத்தெருவுக்கு வந்தபோது தண்ணீர் எதிரே வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கோடு சொன்ன அதே இடுப்பு. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க விடவில்லை. கீழத்தெருப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. மஞ்சள் வாளிகள் மூடியோடு சில, மூடியில்லாமல் சில, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வரிசையில் முந்தப் பார்க்கிறவை மாதிரி மிதந்து போயின.

வீட்டுக்குள்ளே தண்ணீர் ஏறியது. கட்டிலை எட்டும் வரைக்கும் ஏறாது என்று கலியமூர்த்திக்குத் தெரியும். கோடு பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை. ஓடுகிற அவசரத்தில் பெண்கள் பிள்ளைகளோடு வாளியில் இருந்ததையெல்லாம் கூடையில் கொட்டி, "மாமா, இதையும் வெச்சுக்குங்க," என்று ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் கட்டிலில் டார்ச் லைட்டுகள் இருந்தன, தீப்பெட்டிகள் இருந்தன, உறை போட்ட ரேஷன் கார்டுகள் நனையாமல் இருந்தன, பிஸ்கட்டு இருந்தது, தெருவின் கைப்பிள்ளைகள் அத்தனையும் இருந்தன. ஒரு வீடு எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னாரோ அப்படியே இருந்தது. தண்ணீர் கோடு வரைக்கும் வந்தது. மாதக்கணக்காக ஊறி ஊறிப் பழகியிருந்த சுவர் அசையவில்லை. கோட்டைத் தொட்டதும் தண்ணீர், வந்த வேலை முடிந்ததுபோல நின்றது. பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கின. தாய்மார்களின் கயிறு தாங்கியது.

மறுநாள் படகு வந்தது, தலைவர் வந்தார், மையத்தின் கதவு திறந்தது. நாற்காலிகளையும் அண்டாக்களையும் வெளியே எடுத்துப்போட்டு இடம் பண்ணி, புங்கமரத்துக் கிளைகளிலும் வடிகால் மதகிலும் எடுத்தவர்களை வரிசையாகக் கிடத்தினார்கள். அந்தக் கூடத்தில் ஊரே நிற்கலாம் என்று சொன்னது பொய்யில்லை. எல்லோரையும் படுக்கவைத்த பிறகும் இடம் மிச்சமிருந்தது. செண்பகத்தின் கையிலிருந்து வாளிப் பிடியைப் பிரிக்க முடியவில்லை. பிடியோடுதான் கொண்டுபோனார்கள். மூலையில் சைரன், மேலே சுற்றிய பாலித்தீன் கிழியாமல், பளபளவென்று இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் மேட்டில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எல்லாச் சுவரையும் அளந்தார்கள். வெள்ளம் போட்ட கோடு பழைய கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்ததால், அங்கே இரண்டு கோடு இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. 'எதிர்பாராத வெள்ளம்' என்று எழுதிக்கொண்டார்கள். மையத்துச் சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் தையல்நாயகியைத்தான்.

"என்னன்னும்மா கத்துனீங்க?"

"தண்ணி வந்துருச்சுன்னு."

ராசாங்கம் பக்கத்தில் நின்று, ரொம்பவும் வருத்தமான குரலில், "வெள்ளம்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமேம்மா," என்றார். "வெள்ளம்னு கத்தியிருந்தா அத்தன பேரும் மேல வந்திருப்பாங்களே. அந்த வார்த்த தெரியாதா உனக்கு?"

தெரியும். யாருக்குத்தான் தெரியாது? அந்த வார்த்தை அவள் தலையில் இருந்தது, நாக்கில் இல்லை. 'தவறான அறிவிப்பு' என்று அதையும் எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஊரில் கரை உடைந்த கதை போய், கதவு பூட்டிக்கிடந்த கதை போய், தையல்நாயகி ஒரு வார்த்தையை மாற்றிக் கத்தின கதை மட்டும் நின்றது. கீழத்தெரு ஆண்கள் அவளை வைதார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் பிள்ளைகள் அவள் வீட்டில்தான் வளர்ந்தன. எதிரில் பட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அது வைவதைவிடப் பெரிதாக இருந்தது.

அவளும் குரல் கொடுப்பதை விட்டுவிட்டாள். வால்வைத் திறப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். தண்ணீர் வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. இப்படியே தையும் மாசியும் போய், கோடையும் போய், அடுத்த ஆடியும் பிறந்தது. திருப்பூரை விட்டு வந்துவிட்ட பாலகுரு ஒரு நாள் வாசலில் வந்து நின்றான். செத்தவளைப் பற்றி அதுவரை அவன் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை.

"கூப்பிடுங்க அண்ணி," என்றான். "தண்ணி எப்ப வருதுன்னு யாருக்கும் தெரிய மாட்டேங்குது. புள்ளைங்களுக்குக் குடிக்க ஒண்ணும் இல்ல."

"என்னன்னுடா கூப்பிடட்டும்?"

அவன் யோசித்தான். "அதேதான்," என்றான். "வேற என்ன இருக்கு?"

மறுநாள் காலை அவள் மேட்டில் நின்றாள். மையத்தின் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. உள்ளே நாற்காலிகள் திரும்பவும் அடுக்கப்பட்டிருந்தன. வால்வைத் திறந்தாள். கை பழக்கத்தில் சாவியை ஓங்கியது. ஓங்கின கையை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு வாயைக் குவித்தாள்.

"தண்ணி வந்துருச்சேய்..."

ஒருவரும் பள்ளத்துக்கு ஓடவில்லை. ஆண்கள் செய்ததைச் செய்தபடி விட்டு எழுந்து, குடம் ஏதும் எடுக்காமல், மேட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள். கூப்பிடச் சொன்ன பாலகுருவும் ஓடி வந்தான். வந்து பூட்டின கதவுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார்கள். நின்ற பிறகுதான் எதற்கு வந்தோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் கலைந்து நடந்தார்கள். புங்கமரத்தடியில் குழாய் பிடிக்க ஆளில்லாமல் கொட்டி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தையல்நாயகி வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் எல்லாம் முன்பே கட்டிலில் ஏறிவிட்டிருந்தன. அவளுடைய குரலுக்குக் கூடையில் ஏற வேண்டும் என்பதை அவை மறக்கவில்லை. கலியமூர்த்தி மூச்சிரைக்கக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முகிலன் மட்டும் கட்டில் ஓரத்துக்குப் போய், சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எதையோ விரலால் தடவிக்கொண்டிருந்தான். அங்கே பழைய கோடு இல்லை. பழைய கோடு இரண்டு சாண் கீழே, காய்ந்து, உதிர்ந்துகொண்டிருந்தது.

பிள்ளை திரும்பி விரலை நீட்டிக் காட்டினான். விரல் நுனியில் ஈரச் சேறும் ஒரு வைக்கோல் துணுக்கும் ஒட்டியிருந்தன. இத்தனை நாள் பேசாதவன், பெரியம்மாவின் குரலை அப்படியே எடுத்து, நீட்டி, ராகம் பிசகாமல் சொன்னான்:

"தண்ணி வந்துருச்சேய்."

தையல்நாயகி ஏணியை எட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கட்டிலுக்கு மேலே ஓடுதான் இருந்தது.

"எந்தத் தண்ணிடா?" என்று கேட்டாள். "எந்தத் தண்ணின்னு சொல்லுடா கண்ணு."